ஒரு துப்பாக்கி பிடிபட்ட வரலாறு

1910 ஜனவரி 10, திங்கள். புதுச்சேரி.

காலையில் வந்து சேர்ந்தேன். பல்வலியும் கூடவே வந்தது.

வந்த காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்து போகலாம். உலகத்தில் துப்பாக்கிகள் கண்டபடி விற்கப்படுகின்றன. பாரசீக வளைகுடா வழியாகப் போகிறவை வடமேற்கு மலைக்காரர்கள் கைக்குச் சேர்ந்து, அவற்றைச் செய்து விற்ற தேசத்துச் சிப்பாய்களையே சுடுகின்றன. இதைத் தடுக்க பெல்ஜியத்தில் பெரிய ராஜாங்கங்கள் கூடிப் பேசி, முடிவில்லாமல் கலைந்தன என்று பத்திரிகையில் படித்தேன். பெரிய மாநாட்டுக்கு முடியாததைச் சின்னக் குழு முடிக்கட்டும் என்று இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து இங்கே ஒரு கூட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். வளைகுடா இங்கிருந்து வெகு தூரம். அதனால் குழுவுக்கு ஆபத்து எதுவும் இல்லை.

எங்கள் இங்கிலீஷ் பக்கம் விட்லோ துரை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பக்கம் முசே தெலாப்ரே, வக்கீல். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியும் என்று கேள்வி. ஆனால் மற்றவர் பாஷையில் முதலில் பேசுவது தோல்வியாம். ஆகவே தெலாப்ரே சொல்வதை அவர்கள் குமாஸ்தா இஞ்ஞாசி தமிழில் என்னிடம் சொல்ல, நான் விட்லோவுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு ராஜாங்கங்களின் சமரசமும் நடுவில் தமிழில்தான் நடக்கிறது. இதற்குப் படி உயர்த்தித் தருவார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம்.

மாலையில் எல்லைப் படத்தைப் பிரதி எடுத்தேன். இங்கே ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. அசல் படத்தில் எங்கள் நிலம் சிவப்பு, அவர்கள் நிலம் நீலம். வண்ண மை கேட்டு நவம்பரில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. முழுவதையும் கறுப்பு மையிலேயே வரைந்து முடித்தேன். படம் அழகாக வந்திருக்கிறது. எல்லா நிலமும் அதை உழுகிறவனுக்கே சொந்தம் போலத் தோன்றுகிறது.

ஜனவரி 12, புதன்

முதல் கூட்டம். கடலைப் பார்த்து உட்காருவது யார் என்று காலை முழுவதும் பேசினார்கள். கடைசியில் மேசையைக் குறுக்கே திருப்பிப் போட்டார்கள். இப்போது இருவருக்கும் காற்று வரவில்லை. இதை முதல் உடன்படிக்கை என்று குறிப்பில் பதிந்தேன்.

ஜனவரி 13, வியாழன்

நாற்காலிகளின் உயரம்.

ஜனவரி 19, புதன்

பீரங்கி என்றால் என்ன என்பது பற்றி இன்று மூன்றாம் நாள். விட்லோ துரை ஆயுத அட்டவணையைப் படித்தார்: உலோகக் குழாய், ஒரு பக்கம் வாய், உள்ளே வெடிமருந்து கெட்டிப்பது. வரும் வழியில் ஒரு கோயில் வாசலில் அப்படிப் பதினாறு குழாய்களைத் தம் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

அவை அதிர்வேட்டுக் குழாய்கள் என்று விளக்கினேன்.

"அதில் குண்டு போடுவது உண்டா?"

"இல்லை. சத்தம் மட்டும்."

"யாருக்கு எதிராக?"

"யாருக்கும் எதிராக இல்லை. சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று ஊருக்குத் தெரிவிக்க."

துரை யோசித்து, 'படை நகர்வை அறிவிக்கும் பீரங்கி' என்று எழுதிக்கொண்டார்.

இஞ்ஞாசி என் காதருகே குனிந்தார். "எங்க மாதா கோயில் கொடியேத்தத்துக்கும் இதேதான் போடுறோம் முதலியாரே. மாதாகிட்டயும் பீரங்கிப் படை இருக்குன்னு சேத்து எழுதிக்கச் சொல்லுங்க. பாவம், அவருக்கு எண்ணிக்கை கூடும்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. விட்லோ துரை சந்தேகப்பட்டு, "அவர் என்ன சொன்னார்?" என்றார். மத விஷயம் என்றேன்.

இஞ்ஞாசி என்னைவிடப் பத்து வயது இளையவர். மீன் சாப்பிடுகிறவர், ஆனாலும் அறிவுள்ளவர்.

ஜனவரி 24, திங்கள்

பதினொரு விதிகள் முடிவாயின. பிரெஞ்சுக் கிராமங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பிப்ரவரி பதினைந்துக்குள் அவற்றை முத்திரைச் சாவடிக்குக் கொண்டுவந்து முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது விதி: துப்பாக்கியை மூடி மறைக்காமல், யாரும் பார்க்கும்படி கையில் எடுத்து வரவேண்டும். ஆறாவது விதி: மிகக் குறுகிய வழியில் வரவேண்டும். ஆற்றோரப் பாதை கடத்தல்காரர் பாதை. அதில் வரும் துப்பாக்கி பறிமுதல். பதினொன்றாவது விதி: இந்த அறிவிப்பைப் படித்துக் காட்டும்படி யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், குழுவின் குமாஸ்தா படித்துக் காட்ட வேண்டும்.

குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. என் படத்தின்மேல் ஒவ்வொரு ஊரிலிருந்தும் சாவடிக்கு நூல் பிடித்தேன். ஆலங்கொல்லை என்ற பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து இரண்டரை மைல்தான். ஆற்றோரமாகச் சுற்றினால் ஒன்பது மைல். "சுத்தமான வேலை" என்று விட்லோ துரை பாராட்டினார். இஞ்ஞாசி நூலை உற்றுப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

விதிகளின் தமிழ் என்னுடையது. சுமாராக அமைந்திருக்கிறது என்று சொன்னால் பொய் அடக்கம் ஆகும்.

ஜனவரி 26, புதன்

கப்பல் வியாபாரி ஒருவர் குழுவுக்கு மாடியில் விருந்து வைத்தார். கீழே கடற்பாலத்தில் அவருடைய சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது: நீண்ட மரப்பெட்டிகள், அறுபது. எல்லாவற்றின் மேலும் 'தையல் இயந்திரம்' என்று எழுதியிருந்தது. ஒரு பெட்டிக்கு நான்கு ஆள் பிடித்தார்கள். வளைகுடாவுக்குப் போகும் கப்பலுக்கு மாற்றுவதற்காக இறக்கினார்களாம். முசே தெலாப்ரே கூலியாட்களின் ஒழுங்கை வியந்தார். விட்லோ துரை கோப்பையை உயர்த்தி, வியாபாரம் வாழ்க என்றார்.

"அரபு நாட்டுல எல்லாரும் கோட்டு தைக்க ஆரம்பிச்சிட்டாங்க போல" என்றார் இஞ்ஞாசி. நான் மோர் மட்டும் குடித்தேன்.

ஜனவரி 28, வெள்ளி

பிரெஞ்சுக் கிராமங்களில் தண்டோரா. வண்ணான் என் தலைப்பாகையைத் தொலைத்துவிட்டான்.

பிப்ரவரி 1, செவ்வாய்

வண்ண மை வந்து சேர்ந்தது. வேறு வேலை இல்லாததால் என் படத்துக்கு வண்ணம் தீட்டினேன்.

ஆலங்கொல்லைக்கும் சாவடிக்கும் நடுவே ஒட்டன்குளம் என்று ஒரு சின்ன ஊர். அது சிவப்பு. எங்களுடையது. குறுகிய வழி அதற்குள் இரண்டு பர்லாங்கு தூரம் போகிறது. அங்கே நம் சுங்கச் சாவடி ஒன்றும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு நம் எல்லைக்குள் கால் வைத்தால் மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல எண்ணியிருக்கிறேன். இடையில் சொன்னால் துரை கோபிப்பார். அவர் மாலையில் டென்னிஸ் ஆடுகிறார். பல்வலி வேறு.

பிப்ரவரி 3, வியாழன்

கூட்டம் தொடங்குமுன்பே செய்தி வந்தது. ஒட்டன்குளத்தில் ஆயுதக் கடத்தல்காரன் பிடிபட்டான். ஆலங்கொல்லைக் கொளஞ்சிப் படையாட்சி, வயது நாற்பது, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் நரி விரட்டுகிறவன். கையில் நாட்டுத் துப்பாக்கி ஒன்று. மறைக்கவில்லை. தானே சுங்கச் சாவடிக்கு நடந்துபோய், அங்கிருந்த சிப்பாயிடம், "அய்யா, முத்திர போடற எடத்துக்கு இதானே வழி?" என்று கேட்டிருக்கிறான்.

குழு எழுந்து நின்று கைதட்டியது. கூடிய நாள் முதல் இதுதான் முதல் வெற்றி. நான் கொண்டுபோயிருந்த வண்ணப்படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 4, வெள்ளி

கொளஞ்சியின் மனைவி பூங்காவனம் குழு கூடும் பங்களா வாசலில் வந்து நின்றாள். பத்து மைல் நடந்து வந்திருக்கிறாள்.

"நீங்கதானே அந்தத் தண்டோராவ எழுதினவரு?"

"மொழிபெயர்த்தேன்."

"எதுவோ ஒண்ணு. நீங்க சொன்ன வழியிலதான் எங்கூட்டுக்காரரு போனாரு. கையில புடிச்சிக்கினு வரச் சொன்னீங்க, கையிலதான் புடிச்சிக்கினு போனாரு. ஆத்துப் பக்கம் போவாதன்னீங்க, போவல. இப்ப எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க?"

விசாரணையில் இருக்கிறது என்றேன்.

"இன்னா விசாரணை? நான்தான் இங்கயே சொல்லிட்டனே! மல்லாட்ட முத்தற சமயம். ராத்திரிக்கு நரி வந்து பறிக்குது. நான் ஒருத்தி எத்தினி பக்கம் ஓடறது? அந்தத் துப்பாக்கில குண்டுகூடப் போடறதில்ல அய்யா, வெறும் சத்தம்."

விதிகளைப் படித்துக் காட்டும்படி அவள் கேட்டால் நான் படிக்கக் கடமைப்பட்டவன் என்று தெரிவித்தேன். ஏற இறங்கப் பார்த்தாள். "படிங்க" என்றாள். படித்தேன்.

பிப்ரவரி 7, திங்கள்

விட்லோ துரையிடம் வண்ணப்படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்போது தெரிந்தது?"

"மை வந்த பிறகு."

"பிறகு என்றால்?"

அவன் பிடிபடுவதற்கு இரண்டு நாள் முன்பு என்று பதில் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டால் தவறு நடந்தது என்று ஆகும். படத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "வண்ணம் இல்லாத படமே தெளிவாக இருந்தது" என்றார்.

பல் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியது நல்ல பல். வலிக்கிறது.

பிப்ரவரி 8, செவ்வாய்

பூங்காவனம் வந்தாள். படித்தேன்.

பிப்ரவரி 9, புதன்

வந்தாள். படித்தேன். மூன்று முறை கேட்டாள். விதி பதினொன்று தெளிவாக இருக்கிறது.

பிப்ரவரி 10, வியாழன்

இன்று நான் படிக்க, அவள் கூடவே முணுமுணுத்தாள். இடையில் என்னை நிறுத்தி, "நேத்து 'கையில் எடுத்து'ன்னு சொன்னீங்க, இன்னிக்கு 'கையில் ஏந்தி'ங்கறீங்க. எது?" என்றாள். 'எடுத்து'தான் சரி. என் முப்பது வருஷ உத்தியோகத்தில் என் எழுத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 12, சனி

கல்கத்தாவிலிருந்து தந்தி. குழுவின் விழிப்புக்குப் பாராட்டு. பாரிஸிலிருந்தும் ஒன்று, இன்னும் நீளமாக. மற்ற கிராமங்களில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் கொளஞ்சி கதையைக் கேட்டு, துப்பாக்கியை வைக்கோல் போரிலும் கிணற்றிலும் ஒளித்துவிட்டார்களாம். முத்திரைச் சாவடிக்கு இதுவரை ஒருவர்கூட வரவில்லை. வெளியே ஒரு துப்பாக்கியும் தென்படாததால், ஆயுத நடமாட்டம் அடியோடு நின்றுவிட்டது என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

பிப்ரவரி 14, திங்கள்

கொளஞ்சி வழக்கு இருபத்தொன்றாம் தேதி. குழுவின் அறிவிப்பின்படி வந்ததாக அவன் சொல்லிக்கொண்டிருப்பது மாஜிஸ்திரேட் காதுக்கு எட்டிவிட்டது. அப்படி ஒரு அறிவிப்பு உண்டா என்று குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இன்று முழுவதும் அதுதான் பேச்சு. முசே தெலாப்ரே சட்டம் படித்தவர், வழி கண்டுபிடித்தார். அறிவிப்புக்கு இரண்டு தலைநகரங்களின் ஒப்புதலும் இன்னும் வரவில்லை. ஒப்புதல் வராதது வெறும் நகல். நகல் ரகசியம். ரகசியமானது வெளியிடப்பட்டிருக்க முடியாது. ஆகவே அறிவிப்பே கிடையாது. நான்கு படி, ஒரு படிகூட வழுக்கவில்லை. நான் இதை விட்லோ துரைக்குச் சொல்லி முடித்ததும், அவர் முதல் முறையாக பிரெஞ்சில், "அற்புதம்" என்றார்.

பிரதிகளை எல்லாம் திரும்பப் பெற்று எரித்தார்கள். தண்டோரா போட்டவன் பிரெஞ்சுப் பிரஜை. எங்கள் மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு அவனைக் கூப்பிட முடியாது. நானும் என் பிரதியைக் கொடுத்துவிட்டேன். ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. நான் விதிப்படி நடப்பவன்.

மாலையில் பூங்காவனம் வந்தாள். இனிப் படிக்க முடியாது, படிக்க எதுவும் இல்லை என்றேன்.

"பரவால்ல" என்றாள்.

வேறு ஏதாவது பேசினோமா என்று யாராவது கேட்டால், கச்சேரியில் யார் எங்கே நிற்பார்கள் என்று அவள் கேட்டாள், சொன்னேன். வழக்கு யாருடையதாக இருந்தாலும் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

பிப்ரவரி 17, வியாழன்

குழுவின் பதில் கடிதத்தை மாஜிஸ்திரேட் முன் படிக்க என்னையே அனுப்புகிறார்கள். இஞ்ஞாசி கடற்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன படிக்கப் போறீங்க?"

"கொடுத்ததை."

"அந்த ஆளு மூணு வருஷம் உள்ள போவான்."

"இரண்டாகவும் இருக்கலாம்."

"முதலியாரே, அன்னிக்கு நூல் பிடிக்கிறப்ப எனக்குத் தோணிச்சு. ஒட்டன்குளம் இங்கிலீஷு ஊருன்னு. வாயில வந்துச்சு. மணி அடிச்சிட்டான், சாப்பிடப் போயிட்டேன். அன்னிக்கு எறா. அதுக்கப்புறம் எறாவே உள்ள எறங்க மாட்டேங்குது."

எனக்கு இறாலைப் பற்றித் தெரியாது என்றேன்.

"உங்களுக்கும் பல்லுல ஒண்ணும் இல்ல. வேற எங்கயோ வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21, திங்கள்

மாஜிஸ்திரேட் அனந்தராம ராவ். மெலிந்த மனிதர், யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கூண்டில் கொளஞ்சி. சிறை அவனைப் பாதியாக்கியிருந்தது. மேசைமேல் அவன் துப்பாக்கி. கயிறு கட்டி வைத்திருந்தார்கள். தானாக ஓடிவிடும் என்ற பயமோ என்னவோ.

குழுவின் கடிதத்தைப் படித்தேன்: 'மேற்படி அறிவிப்பு எதையும் இக்குழு எக்காலத்திலும் வெளியிடவில்லை.' குரல் நடுங்காமல் படித்தேன். முப்பது வருஷப் பழக்கம்.

மாஜிஸ்திரேட் கொளஞ்சியைக் கேட்டார். "உனக்கு என்னப்பா சொல்ல இருக்கு?"

"தண்டோரா போட்டாங்க சாமி."

"போடலைங்கறாங்களே?"

"போட்டாங்க சாமி."

கூட்டத்திலிருந்து பூங்காவனம் முன்னால் வந்தாள். சேவகன் தடுத்தான். "நான் சொல்றேன் தொரே, எனக்குத் தெரியும்" என்றாள். மாஜிஸ்திரேட் கண்ணைத் திறக்காமலே கையை அசைத்து விடச் சொன்னார்.

அவள் ஆரம்பித்தாள். முதல் விதி, இரண்டாவது, மூன்றாவது. என் வாக்கியங்கள். 'யாதொரு', 'மேற்கூறிய', 'தவறும் பட்சத்தில்', எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவள். கச்சேரியே அசையாமல் கேட்டது. அரசாங்க வக்கீல் எழுந்து, "இது யாரோ சொல்லிக் கொடுத்த பாடம்; இப்படி ஒரு பத்திரம் இருந்ததற்கு என்ன சாட்சி?" என்றார். நியாயமான கேள்வி.

அவள் நிறுத்தவில்லை. "அஞ்சாவது விதி. துப்பாக்கி கொண்டுவருவோர் மிகக் குறுகிய வழியிலேயே வருதல் வேண்டும். ஆற்றோரப் பாதையில்..."

"ஐந்தாவது அல்ல, ஆறாவது" என்றேன்.

கூரையில் கயிறு கட்டி ஆட்டும் பங்கா விசிறி கிறீச்சிட்டது. மாஜிஸ்திரேட் கண்ணைத் திறந்தார்.

"எதுல ஆறாவது, முதலியார்?"

நான் குழுவின் கடிதத்தை நான்காக மடித்தேன்.

"கேட்கிறேன். எந்தப் பத்திரத்துல ஆறாவது?"

"வெளியிடப்படாத அறிவிப்பில், பிரபு."

முதலில் சிரித்தது சேவகன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "அப்போ அஞ்சாவது என்ன?" என்றார். கேட்டால் சொல்ல வேண்டியதுதான், பிரமாணம் எடுத்திருந்தேன். "மறைக்காமல் கையில் எடுத்து வரவேண்டும்" என்றேன்.

கொளஞ்சியைப் பன்னிரண்டு மணிக்கு விடுதலை செய்தார்கள்.

வெளியே வரும்போது பூங்காவனம் என்னைக் கடந்து போனாள். ஒரு கும்பிடு இல்லை, ஒரு பார்வை இல்லை. முன்பின் பார்த்திராதவள் போல நடந்தாள். கெட்டிக்காரி.

பிப்ரவரி 22, செவ்வாய்

விட்லோ துரை எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்தேனா, வாய் தவறியதா? வேண்டுமென்றே என்றால் வேலை போகும், பென்ஷனும் போகும். வாய் தவறியது என்றால் இடமாற்றம், தண்டனைக் குறிப்பு. ஒரு வாரம் அவகாசம்.

மாலையில் இஞ்ஞாசி வெல்ல அப்பம் வாங்கி வந்தார்.

"ஒரு வாரமா உங்ககிட்ட கேட்டு நெட்டுரு போட்ட பொம்பள. ஒரு தடவகூடத் தப்பா சொல்லாதவ, கச்சேரியில மட்டும் ஆறை அஞ்சுன்னு சொல்றா. நீங்க பிடிச்சு இழுக்கறீங்க."

"தவறாகச் சொன்னால் திருத்துவேன். அது என் சுபாவம்."

"ஆமாம். உங்க சுபாவத்த அவளுக்கு யாரு சொன்னா?"

அப்பம் நன்றாக இருந்தது. பல்லில்லாத பக்கமும் மெல்ல முடிந்தது.

பிப்ரவரி 26, சனி

குழுவின் நிறைவு விருந்து. அறிக்கை திருத்தப்பட்டது. 'கடத்தல்காரன் ஒருவன் பிடிபட்டான்' என்பதை அடித்து, 'துப்பாக்கி ஒன்று பிடிபட்டது. உரியவன் யார் என்பது நிரூபணமாகவில்லை' என்று போட்டார்கள். துப்பாக்கி, கல்கத்தாவுக்குக் காட்சிப் பொருளாகப் போகிறது. தையல் இயந்திரங்கள் போன வாரமே வளைகுடாவுக்குப் போய்விட்டன.

மார்ச் 1, செவ்வாய்

காலையில் கொளஞ்சி வந்தான். துப்பாக்கியைக் கேட்டான். கல்கத்தா போய்விட்டது என்றேன்.

"அத வச்சிக்கினு அவங்க இன்னா செய்யப் போறாங்க? அவங்க ஊர்லயும் நரி வருதா?"

கொல்லை எப்படி என்று கேட்டேன். மூன்றில் ஒரு பங்கை நரி பறித்துவிட்டதாம். மிச்சத்தைக் காப்பாற்ற அவனும் பூங்காவனமும் ராத்திரியில் தகர டப்பா தட்டுகிறார்களாம்.

"தவர டப்பாவுக்கு எதுனா சட்டம் இருக்குதா அய்யா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க எங்கயும் எடுத்துக்கினு வரமாட்டோம்."

இதுவரை இல்லை, தைரியமாகத் தட்டு என்றேன். இரண்டு படி மல்லாட்டையைத் துண்டிலிருந்து அவிழ்த்து மேசைமேல் கொட்டினான். வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றேன். "அதுவும் வெளியில விடாத சட்டந்தானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விட்லோ துரைக்கு விளக்கம் எழுதினேன். 'வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நோக்கம் எதுவும் இல்லை. அதுபற்றி மிகவும் வருந்துகிறேன்.' மூன்று வாக்கியம், மூன்று பொய். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இஞ்ஞாசி அதைக் குழுவின் மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கட்டினார். அங்கே அதற்குத் துணை நிறைய இருக்கிறது.